முதல் பல்பே மின்னோட்டத்தைச் செலவழித்துவிடுகிறதா? தொடரிணைப்பில் ஒரு சந்தேகம்

விளக்குத்திரி எழுதியது:

வணக்கம். மின்சுற்றுகளைப் பாடமாகப் படித்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தேர்வில் ஓம் விதிக் கணக்குகளைச் சரியாகப் போட்டேனே தவிர, கம்பிக்குள் என்னதான் நடக்கிறது என்பது அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. அதனால் ஓய்வு நேரத்தில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். தொடங்கிய இடத்திலேயே சிக்கிக்கொண்டும் இருக்கிறேன்.

1.5 வோல்ட் மின்கலங்கள் இரண்டைத் தொடராக வைத்து, டார்ச் விளக்கில் போடும் சிறு பல்புகள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தேன். சாவியை மூடியதும் இரண்டும் எரிந்தன, ஆனால் ஒரே அளவில் எரியவில்லை. மின்கலத்தின் நேர்முனைக்கு அடுத்திருந்த பல்பு நல்ல வெளிச்சம் தந்தது. அதற்கு அடுத்ததாக இருந்த பல்பின் இழையோ மங்கலான செந்நிறத்தில் கனன்றதோடு சரி. முதல் பல்பு தனக்கு வேண்டிய மின்னோட்டத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத்தான் இரண்டாவது பல்புக்கு விடுகிறது என்றுதான் இதைப் பார்க்கும் எவருக்கும் தோன்றும். ஆனால் தொடரிணைப்பில் எல்லா இடத்திலும் மின்னோட்டம் ஒன்றே என்று எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் எழுதியிருக்கிறது. கண்ணால் கண்டதை நம்புவதா, புத்தகத்தை நம்புவதா?

இத்துடன் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. எலக்ட்ரான்கள் எதிர்முனையிலிருந்து புறப்பட்டு நேர்முனைக்கு வருகின்றன என்றால், அவை முதலில் சந்திப்பது என்னுடைய மங்கலான பல்பைத்தானே? அப்படியானால் அதுவல்லவா பளிச்சென்று எரிய வேண்டும்? மேலும், எலக்ட்ரான்கள் கம்பிக்குள் நத்தையைவிட மெதுவாக நகர்கின்றன என்றும் ஓரிடத்தில் படித்தேன். நத்தை வேகத்தில் வருகிற ஒன்று, சாவியை மூடிய அதே கணத்தில் பல்பை எப்படி எரிய வைக்கிறது? இந்த மூன்றுக்கும் விடை தெரியாமல் அடுத்த பாடத்துக்குப் போக மனம் ஒப்பவில்லை. அருள்கூர்ந்து விளக்குங்கள்.


செம்புக்கம்பி எழுதியது:

கண்ணால் கண்டதையும் நம்பலாம், புத்தகத்தையும் நம்பலாம். இரண்டுக்கும் நடுவில் நீங்கள் செய்துகொண்ட ஊகத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். விடையை நான் சொல்வதற்குமுன் நீங்களே இரண்டு சோதனைகளைச் செய்து பாருங்கள். முதலாவது, இரண்டு பல்புகளையும் இடம் மாற்றிப் பொருத்துங்கள். நேர்முனைக்கு அருகில் இருப்பதுதான் வெளிச்சத்துக்குக் காரணம் என்றால், இப்போது மற்றப் பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். இரண்டாவது, மல்டிமீட்டர் இருந்தால் அதை அம்மீட்டராக வைத்து, நேர்முனைக்கும் முதல் பல்புக்கும் இடையில், இரண்டு பல்புகளுக்கும் இடையில், இரண்டாவது பல்புக்கும் எதிர்முனைக்கும் இடையில் என மூன்று இடங்களிலும் அளந்து பாருங்கள். பல்புகளின் உலோக அடிப்பகுதியில் பொடி எழுத்தில் ஏதாவது அச்சிட்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். என் ஐயம் அங்கேதான் இருக்கிறது.

சோதனையின் முடிவு வரும்வரை, மின்னோட்டம் ஏன் வழியில் குறைய முடியாது என்பதைப் பார்த்துவிடலாம். மின்னோட்டம் என்பது ஒரு பொருளன்று. கம்பியை ஏதேனும் ஓரிடத்தில் குறுக்காக வெட்டினாற்போல் கற்பனை செய்து, அந்த வெட்டுமுகத்தை ஒரு நொடியில் எவ்வளவு மின்னூட்டம் கடக்கிறது என்று எண்ணிச் சொல்லும் வீதமே அது. ஒரு நொடியில் ஒரு கூலூம் கடந்தால் அதை ஓர் ஆம்பியர் என்கிறோம். எலக்ட்ரான்களாக எண்ணினால் அது ஏறத்தாழ 62,400 கோடி கோடி. இத்தனை எலக்ட்ரான்கள் பல்புக்குள் நுழைந்து, அவற்றில் கொஞ்சம் வெளியே வராமல் போனால், அவை உள்ளேயே தேங்கியிருக்க வேண்டும், ஏனெனில் மின்னூட்டத்தை அழிக்க எந்தப் பல்பாலும் முடியாது.

தேங்கினால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 0.17 ஆம்பியர் ஓடும் சுற்றில், நூற்றுக்கு ஒரு பங்கு மட்டும் பல்பில் தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நொடியில் 0.0017 கூலூம் சேரும். ஒரு சென்டிமீட்டர் ஆரமுள்ள தனித்த உலோகக் குண்டில் இவ்வளவு மின்னூட்டத்தை ஏற்றினால் அதன் மின்னழுத்தம் நூறு கோடி வோல்ட்டையும் தாண்டியிருக்கும். மூன்று வோல்ட் மின்கல அடுக்கு எலக்ட்ரான்களை உந்தித் தள்ளிக்கொண்டிருக்கும் இடத்தில் இப்படி ஒரு தேக்கம் நேர வழியே இல்லை. தேக்கம் தொடங்கிய மறுகணமே அது பின்னால் வரும் எலக்ட்ரான்களை விலக்கித் தடுத்துவிடும், முன்னால் இருப்பவற்றை விரட்டிவிடும். உள்ளே வருவதும் வெளியே போவதும் இவ்வாறு தாமாகவே சமமாகிவிடுகின்றன. 1845-இல் கிர்க்காஃப் வகுத்த சந்தி விதியின் உட்பொருளும் இதுவே.

செலவாவது ஆற்றல். எலக்ட்ரான்கள் செலவாவதில்லை. செக்கு மாடு எத்தனை சுற்று வந்தாலும் மாடு மாடாகத்தான் இருக்கிறது. குறைவது அது தின்ற தீவனத்தின் வலு.


ஈரமணல் எழுதியது:

செம்புக்கம்பி அவர்கள் சொன்னதை எளிதாகச் சொல்வதென்றால், மின்கலம் ஒரு குறிப்பிட்ட அளவு மின்னோட்டத்தை எப்போதும் தந்துகொண்டிருக்கும், தொடரிணைப்பில் அது முழுவதும் இரண்டு பல்புகள் வழியாகவும் போகும், பக்க இணைப்பில் இரண்டாகப் பிரிந்து பாதி பாதியாகப் போகும். நீர்த்தொட்டியிலிருந்து வரும் குழாயை நினைத்துக்கொண்டால் இதில் குழப்பமே வராது.


பழைய அம்மீட்டர் எழுதியது:

ஈரமணல் அவர்களே, நீங்கள் நல்லெண்ணத்தோடு எழுதியிருக்கிறீர்கள், ஆனால் முதல் வாக்கியத்திலேயே ஒரு பிழை இருக்கிறது. கற்பவர்களிடம் மிகவும் ஆழமாக வேரூன்றிவிடும் பிழை அது என்பதால் சற்று விரிவாக மறுக்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மின்கலம் குறிப்பிட்ட அளவு மின்னோட்டத்தைத் தருவதில்லை. தன் இரு முனைகளுக்கும் இடையில் ஏறத்தாழ மாறாத மின்னழுத்த வேறுபாட்டை நிலைநிறுத்துவது மட்டுமே அதன் வேலை. எவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்பதை மின்கலமும், அதனோடு இணைக்கப்பட்ட சுற்று முழுவதும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. மேசைமேல் சும்மா வைத்திருக்கும் மின்கலத்தில் மின்னழுத்தம் இருக்கிறது, மின்னோட்டம் இல்லை என்பதை எண்ணிப் பார்த்தாலே இது விளங்கும்.

பக்க இணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது, அதற்குப் பக்கத்தில் அதே இரு முனைகளுக்கிடையே இன்னொரு பல்பை இணைத்தால், இருக்கும் மின்னோட்டம் பாதியாகப் பங்கிடப்படுவதில்லை. முதல் பல்பு ஏறக்குறைய முன்போலவே எரிகிறது. புதிய பல்புக்கு வேண்டிய மின்னோட்டம் கூடுதலாக ஓடுகிறது. மின்கலம் தரும் மொத்த மின்னோட்டம் உயர்கிறது. 2.5 வோல்ட்டில் 0.3 ஆம்பியர் ஏற்கும் பல்பும் 0.2 ஆம்பியர் ஏற்கும் பல்பும் அதே 2.5 வோல்ட்டுக்குக் குறுக்கே பக்க இணைப்பில் இருந்தால், மின்கலத்திலிருந்து புறப்படுவது 0.5 ஆம்பியர். புதிய பாதையைத் திறந்துவிட்டதால் சுற்றின் மொத்தத் தடை குறைந்துவிட்டது, அவ்வளவுதான். தொடரிணைப்பிலோ ஒவ்வொரு பல்பும் ஒரே பாதையில் தடையைக் கூட்டுகிறது. ஆகவே இரண்டு பல்புகளுக்கும் பொதுவான அந்த ஒரே மின்னோட்டம், ஒற்றைப் பல்பு இருந்தபோது ஓடியதைவிடக் குறைவாக இருக்கும்.

ஏறத்தாழ என்று நான் அழுத்திச் சொன்னதற்கும் காரணம் உண்டு. மின்கலத்துக்குள்ளேயும் ஒரு சிறு தடை இருக்கிறது. அதை அகமின்தடை என்கிறோம். மின்னோட்டம் கூடக் கூட அந்தத் தடையிலேயே கொஞ்சம் மின்னழுத்தம் வீழ்ந்துவிடுவதால் முனைகளுக்கிடையே கிடைப்பது குறைகிறது. இந்தத் தொல்லை ஓமையே அலைக்கழித்திருக்கிறது. 1800-இல் வோல்ட்டா அறிவித்த மின்கல அடுக்கின் வழிவந்த மின்கலங்கள், ஓம் தம் சோதனைகளைச் செய்த காலத்தில் ஒரு நிலையில் நில்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு, பிஸ்மத்தையும் செம்பையும் சேர்த்த வெப்ப மின்னிரட்டையின் (இரு உலோகச் சந்திகளின் வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் அமைப்பு) ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து, அதில் கிடைத்த சிறிய ஆனால் அசையாத மின்னழுத்தத்தைக் கொண்டே அவர் 1826-இல் தம் அளவீடுகளை எடுத்தார். அடுத்த ஆண்டில்தான் அவருடைய நூல் வெளிவந்தது.

குழாய் உவமையைப் பற்றியும் ஒரு சொல். வெட்டிய குழாயிலிருந்து நீர் கொட்டும். வெட்டிய கம்பியிலிருந்து மின்சாரம் கொட்டுவதில்லை. திறந்துவிட்ட வெற்றுக் குழாயில் நீர் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். கம்பியோ எலக்ட்ரான்களால் எப்போதும் நிறைந்தே இருக்கிறது. தொட்டியும் குழாயும் என்று சொல்லாமல், முழுக்க நீர் நிரம்பிய மூடிய வளையக் குழாயும் அதில் ஓர் இறைப்பானும் என்று சொன்னால் உவமை ஓரளவு தேறும். எனக்கு மிதிவண்டிச் சங்கிலிதான் பிடித்தமான உவமை. மிதிக்கும் இடத்தில் சங்கிலிக் கண்ணிகள் உற்பத்தியாவதில்லை, பின்சக்கரத்தில் அவை தேய்ந்து மறைவதும் இல்லை. எல்லாக் கண்ணிகளும் ஒரே வேகத்தில் சுற்றி வருகின்றன. காலின் உழைப்பு மட்டும் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது.


விளக்குத்திரி எழுதியது:

சோதனைகளைச் செய்துவிட்டேன். முதலில் என் மடமை ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அம்மீட்டராக வைத்திருந்த மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் வோல்ட்மீட்டரைப் போல நினைத்துக்கொண்டு நேராக மின்கலத்தின் இரு முனைகளிலும் வைத்துவிட்டேன். திரையில் ஒரு கணம் ஏதோ எண் ஓடியது, பிறகு எதுவும் வரவில்லை. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளிருந்த கண்ணாடி உருகியின் மெல்லிய கம்பி நடுவில் அறுந்து, இரு நுனிகளிலும் சிறு மணிகளாகத் திரண்டிருந்தது. அதே அளவுள்ள வேறு உருகியை மாற்றிய பிறகே மேற்கொண்டு அளக்க முடிந்தது.

பல்புகளை இடம் மாற்றியபோது, பளிச்சென்று எரிந்த பல்பு எதிர்முனைப் பக்கம் போன பிறகும் பளிச்சென்றே எரிந்தது. மங்கல் பல்பு நேர்முனைக்கு அடுத்து வந்தும் மங்கலாகவே இருந்தது. மின்கலத்தைத் திருப்பிப் போட்டேன், அப்போதும் அப்படியே. மூன்று இடங்களிலும் மின்னோட்டம் 0.17 ஆம்பியர், கடைசி இலக்கம்கூட மாறவில்லை. ஆகவே மின்னோட்டம் செலவாகிறது என்ற என் வாதம் தோற்றது.

பல்புகளின் அடிப்பகுதியை உருப்பெருக்கியால் பார்த்தேன். மங்கல் பல்பில் 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் என்றும், பளிச்சென்ற பல்பில் 2.5 வோல்ட், 0.2 ஆம்பியர் என்றும் இருக்கிறது. இரண்டும் ஒரே வகை என்று எண்ணித்தான் எடுத்து வைத்திருந்தேன். எரியும்போது மங்கல் பல்பின் குறுக்கே 0.9 வோல்ட்டும், மற்றதன் குறுக்கே 2.0 வோல்ட்டும், மின்கல அடுக்கின் முனைகளில் 2.9 வோல்ட்டும் இருந்தன. சாவியைத் திறந்துவிட்டால் மின்கல அடுக்கில் 3.0 வோல்ட் காட்டுகிறது.

இப்போது புதிதாக ஒன்று உறுத்துகிறது. பல்புகளைக் கழற்றி ஓம்மீட்டரில் அளந்தால், சோதனைக் கம்பிகளின் தடையைக் கழித்தபின் மங்கல் பல்புக்கு 0.9 ஓம், மற்றதற்கு 1.3 ஓம். கூட்டினால் 2.2 ஓம். 2.9 வோல்ட்டை அதால் வகுத்தால் 1.3 ஆம்பியர் ஓட வேண்டும். ஓடுவதோ 0.17. ஓம் விதியே பொய்த்துவிட்டதா? அதோடு, அதிக மின்னோட்டத்தைத் தாங்கும் 0.3 ஆம்பியர் பல்பு எப்படி மங்கலாக எரிகிறது?


செம்புக்கம்பி எழுதியது:

அழகாக அளந்திருக்கிறீர்கள். உருகி போனதற்கு வருந்த வேண்டாம், அது தன் கடமையைச் செய்தது. அம்மீட்டரின் தடை மிகச் சிறியது. அதை மின்கலத்தின் குறுக்கே வைப்பது வெறும் கம்பியை வைப்பதற்குச் சமம். அந்த நிலையில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த மின்கலத்தின் அகமின்தடையைத் தவிர வேறு பெரிய தடை எதுவும் இல்லாததால் ஒரே நொடியில் பல ஆம்பியர் ஓடிவிடுகிறது. இதைத்தான் குறுக்குச் சுற்று என்கிறோம். அகமின்தடையை உங்கள் எண்களிலிருந்தே கண்டுபிடிக்கலாம்: 0.17 ஆம்பியர் ஓடும்போது 0.1 வோல்ட் குறைகிறது என்றால், மின்கலங்கள் இரண்டுக்கும் சேர்த்து அது சுமார் 0.6 ஓம்.

ஓம் விதி பொய்க்கவில்லை. நீங்கள் அளந்தது வேறொரு பல்பை. எரியாத பல்பின் இழை அறையின் வெப்பநிலையில் இருக்கிறது. எரியும் இழை ஈராயிரம் டிகிரியையும் தாண்டக்கூடியது. இழை செய்யப்பட்டிருக்கும் டங்ஸ்டன் உலோகத்தின் தடை வெப்பநிலையோடு ஏறிக்கொண்டே போவதால், முழு வெளிச்சத்தில் அது குளிர்ந்த நிலையில் இருப்பதைப்போல் பத்து மடங்கையும் கடந்துவிடுகிறது. நீங்கள் கண்ட மின்னழுத்தங்களை 0.17-ஆல் வகுத்துப் பாருங்கள்: மங்கல் பல்புக்கு 5 ஓமுக்குச் சற்று மேல், மற்றதற்கு ஏறத்தாழ 12 ஓம். சாவியை மூடிய முதல் கணத்தில், இழை சூடேறுமுன், உங்கள் சுற்றில் ஓர் ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் பாய்ந்துதான் பிறகு அடங்குகிறது. இழை பல்புகள் பெரும்பாலும் சாவியைப் போடும் கணத்திலேயே அறுந்துபோவதற்கும் இந்தப் பாய்ச்சல் ஒரு காரணம்.

வெளிச்சத்துக்கு வருவோம். பல்பின் மேல் எழுதியுள்ள 0.3 ஆம்பியர் என்பது, அதன் குறுக்கே 2.5 வோல்ட் இருந்தால் ஓடும் அளவு. எந்தச் சுற்றில் வைத்தாலும் அது கேட்டு வாங்கும் அளவு அன்று. ஒரே 2.5 வோல்ட்டில் கூடுதலான மின்னோட்டத்தை விடுகிறது என்றால் அந்தப் பல்பின் தடை குறைவு என்றுதான் பொருள். தொடரிணைப்பில் இரண்டுக்கும் மின்னோட்டம் பொதுவாகிவிடுவதால், தடை எங்கே அதிகமோ அங்கேதான் மின்னழுத்தமும் அதிகமாக வீழும், வெப்பமும் அதிகமாக வெளிப்படும். ஒவ்வொரு கூலூமும் மின்கலத்திலிருந்து 2.9 ஜூல் பெற்றுப் புறப்படுகிறது; மங்கல் பல்பில் 0.9 ஜூலையும் மற்றதில் 2.0 ஜூலையும் விட்டுவிட்டுத் திரும்புகிறது. நொடிக்கு 0.17 கூலூம் என்பதால், ஒன்றில் 0.15 வாட், மற்றதில் 0.34 வாட். இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. கூடுதல் ஆற்றல் பெறும் இழை இன்னும் சூடேறுகிறது, சூடேறினால் அதன் தடை இன்னும் கூடுகிறது, அதனால் மின்னழுத்தத்தில் இன்னும் பெரிய பங்கை அது இழுத்துக்கொள்கிறது. 0.2, 0.3 என்ற சிறு வேறுபாடு கண்ணுக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிவது இதனால்தான். இதே இரண்டு பல்புகளையும் பக்க இணைப்பில் வைத்தால், 0.3 ஆம்பியர் பல்புதான் அதிக வெளிச்சம் தரும்.


அலைமுகம் எழுதியது:

கேட்டவரின் இரண்டாவது, மூன்றாவது கேள்விகள் இன்னும் எஞ்சியிருப்பதால் அவற்றை நான் எடுத்துக்கொள்கிறேன்.

திசையைப் பற்றிய குழப்பம் வரலாறு விட்டுச்சென்றது. 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஒரே ஒரு மின்பாய்மம் மிகுதியாக இருப்பதை நேர் என்றும் குறைவாக இருப்பதை எதிர் என்றும் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பெயரிட்டபோது, எது உண்மையில் நகர்கிறது என்று அறிய எவருக்கும் வழி இல்லை. 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானை இனங்கண்டு, உலோகங்களில் நகர்வது எதிர் மின்னூட்டமே என்பது தெளிவாவதற்குள் எல்லா விதிகளும் மறுதிசையை ஒட்டி எழுதப்பட்டுவிட்டன. 1916-இல் டோல்மனும் ஸ்டூவர்ட்டும் வேகமாகச் சுழலும் கம்பிச்சுருளைச் சட்டென்று நிறுத்தி, உள்ளே இருந்தவை சற்று முன்னோக்கி ஓடியதால் எழுந்த மின்துடிப்பை அளந்து, ஓடியவை எலக்ட்ரான்களே என்று காட்டினார்கள். ஓடும் பேருந்தை ஓட்டுநர் திடீரென நிறுத்தினால் நிற்பவர்கள் முன்னால் சாய்வதைப் போன்றதுதான் இதுவும். எதிர் மின்னூட்டம் இடப்பக்கம் போவதும் நேர் மின்னூட்டம் வலப்பக்கம் போவதும் சுற்றுக் கணக்கில் ஒரே விளைவைத் தருவதால் பழைய மரபை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை. மின்கலத்துக்குள் இருக்கும் கரைசலில் இருவகை அயனிகளும் எதிரெதிர்த் திசைகளில் நகர்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே எலக்ட்ரானின் திசையே உண்மையான திசை என்று பிடிவாதம் பிடிக்க முடியாது.

இனி நத்தையின் கதை. ஒரு கன மீட்டர் செம்பில் கட்டுறா எலக்ட்ரான்கள் சுமார் 8.5 × 10²⁸ இருக்கின்றன. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்புக்கம்பியின் ஒரு மீட்டர் நீளத்தில் மட்டும் அசையக்கூடிய மின்னூட்டம் ஏறத்தாழ 13,600 கூலூம். அதில் நொடிக்கு ஒரு கூலூம் கடந்தால் ஓர் ஆம்பியர் கிடைத்துவிடுமென்றால், அந்த ஒரு மீட்டர் எலக்ட்ரான் கூட்டம் முழுவதும் கடந்துபோக 13,600 நொடிகள், அதாவது ஏறக்குறைய மூன்றே முக்கால் மணிநேரம் ஆகும். நொடிக்கு 0.07 மில்லிமீட்டர் என்ற இந்த வேகத்தையே இழுப்புத் திசைவேகம் என்கிறோம். நத்தை இதைவிடப் பன்மடங்கு விரைவாகப் போகும். எலக்ட்ரான்கள் சோம்பிக் கிடக்கின்றன என்று இதற்குப் பொருள் இல்லை. செம்பில் மின்னோட்டத்தைத் தாங்கும் எலக்ட்ரான்கள் எல்லாத் திசைகளிலும் நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் அலைந்துகொண்டே இருக்கின்றன. அந்த அலைச்சலின்மேல் மின்புலம் ஏற்றிவைக்கும் மிகச் சிறிய ஒருதிசைச் சாய்வுதான் நாம் அளக்கும் மின்னோட்டம். இழைக்குள் நிலைமை வேறு. இழையின் குறுக்குப் பரப்பு கம்பியினுடையதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சிறியதாக இருக்கக்கூடும். அதே மின்னோட்டம் அதன் வழியே போக வேண்டுமென்றால் எலக்ட்ரான்கள் அங்கே அதற்கேற்ப விரைந்தாக வேண்டும். அகன்ற ஆறு ஒடுங்கிய இடுக்கில் விரைவதைப் போல.

அப்படியானால் பல்பு உடனே எரிவது எப்படி? மின்கலத்தின் எலக்ட்ரான் பல்புக்குப் போய்ச் சேர வேண்டியதில்லை என்பதே முதல் விடை; இழையில் ஏற்கெனவே இருக்கும் எலக்ட்ரான்கள்தாம் அங்கே நகரத் தொடங்குகின்றன. அவற்றை நகரச் சொல்லும் செய்தி எப்படிப் போகிறது என்பதுதான் சுவையான பகுதி. சாவி திறந்திருக்கும்போது அதன் ஒரு பக்கத்துக் கம்பி முழுவதும் நேர்முனையின் மின்னழுத்தத்திலும், மறுபக்கத்துக் கம்பி முழுவதும் எதிர்முனையின் மின்னழுத்தத்திலும் இருக்கின்றன. சாவியின் இரு தகடுகளிலும் சிறிதளவு மின்னூட்டம் எதிரெதிராகக் காத்துநிற்கிறது. மூடிய கணத்தில் அந்த மின்னூட்டம் கலைகிறது. அதன் மின்புலம் மாறுகிறது. அந்த மாற்றம் ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் கம்பியைத் தழுவிக்கொண்டு இருபுறமும் ஓடுகிறது. ஒளி ஒரு நானோநொடியில் 30 சென்டிமீட்டர் போகும். ஆகவே மேசைமேல் உள்ள சிறு சுற்றில் இந்த அலை சில நானோநொடிகளில் சுற்றி வந்து, முன்னும் பின்னும் மோதித் திரும்பி, விரைவிலேயே அடங்கிவிடுகிறது.

அடங்கியபின் எஞ்சுவது கம்பிகளின் மேற்பரப்பில் படிந்திருக்கும் மெல்லிய மின்னூட்டப் பரவல். நேர்முனைப் பக்கத்தில் சற்று நேராகவும் எதிர்முனைப் பக்கத்தில் சற்று எதிராகவும், இடையில் படிப்படியாக மாறியும் இருக்கும் அந்தப் பரவல்தான் கம்பியின் உள்ளே எல்லா வளைவுகளிலும் மின்புலத்தைக் கம்பியின் போக்கிலேயே திருப்பிவிடுகிறது. தடை மிகுந்த இழையின் இரு முனைகளிலும் மின்னூட்டம் கூடுதலாகச் சேர்ந்து, அங்கே புலத்தை வலுவாக்குகிறது. இதற்கு வேண்டிய மின்னூட்டம் எவ்வளவு சிறியது என்றால், ஓர் ஆம்பியர் ஓடும் செம்புக்கம்பி செங்கோணமாக வளையும் இடத்தில் மின்னோட்டத்தைத் திருப்பிவிட, ஏறத்தாழ ஒரே ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டம் போதும்! முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது எங்கோ பிழை செய்துவிட்டேன் என்று நினைத்து மூன்று முறை திரும்பப் போட்டேன்.

பல்பு எரிவதில் உங்கள் கண்ணுக்கு எட்டக்கூடிய தாமதம் எதுவும் இருந்தால், அது இழை சூடேற எடுத்துக்கொள்ளும் நேரமே ஆகும். மாறுதிசை மின்னோட்டத்தில் எலக்ட்ரான்கள் எங்கும் போய்ச் சேருவதே இல்லை என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். நொடிக்கு 50 முறை திசை சுழலும் ஓர் ஆம்பியர் மின்னோட்டத்தில், மேலே சொன்ன அதே கம்பியில், எலக்ட்ரான் கூட்டம் நடு இடத்திலிருந்து ஒரு மைக்ரோமீட்டரில் மூன்றிலொரு பங்கு தூரம் அங்குமிங்கும் ஆடுகிறது, அவ்வளவே. அந்த ஆட்டத்திலேதான் விளக்கும் எரிகிறது.


ஈரமணல் எழுதியது:

பழைய அம்மீட்டர் அவர்களுக்கு நன்றி. மின்கலம் மின்னோட்டத்தைச் சேமித்து வைத்திருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மிதிவண்டிச் சங்கிலியை வைத்து யோசித்தபோது பிழை எங்கே என்று தெரிந்துவிட்டது. ஆனால் சங்கிலி அறுந்தால் எல்லாம் நின்றுவிடும். தொடரிணைப்பில் ஒரு பல்பைக் கழற்றிவிட்டால் மற்றப் பல்பின் குறுக்கே என்ன மின்னழுத்தம் இருக்கும்? பாதியா, முழுவதுமா?


விளக்குத்திரி எழுதியது:

அதை நான் இப்போதே அளந்து பார்த்துவிட்டேன். 0.2 ஆம்பியர் பல்பைக் கழற்றியபின், மாட்டியபடியே இருக்கும் பல்பின் குறுக்கே சுழி. கழற்றிய வெற்று இடத்தின் இரு முனைகளுக்கிடையே 3.0 வோல்ட். எரிய வேண்டிய பல்பில் ஒன்றும் இல்லை, எதுவுமே இல்லாத இடைவெளியில் முழு மின்னழுத்தமும் இருக்கிறது! மேற்பரப்பு மின்னூட்டம் பற்றி அலைமுகம் அவர்கள் எழுதியதைப் படித்திராவிட்டால் மீட்டர் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்திருப்பேன்.


பழைய அம்மீட்டர் எழுதியது:

மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது. ஓட்டம் இல்லாத தடையில் மின்னழுத்தம் வீழ்வதில்லை. ஆகவே பல்பின் இரு முனைகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கின்றன, பல்பு அந்த நிலையில் வெறும் கம்பியின் நீட்சிதான். வேறுபாடு முழுவதும் இடைவெளியின் இரு கரைகளில் வந்து நிற்கிறது. எரியாத சுற்றில் பழுது எங்கே என்று தேடுகிறவர்கள் வோல்ட்மீட்டரை ஒவ்வோர் உறுப்பின் குறுக்கேயும் வைத்துக்கொண்டே போவதும், முழு மின்னழுத்தம் எங்கே காட்டுகிறதோ அங்கேதான் அறுபட்டிருக்கிறது என்று முடிவுகட்டுவதும் இதை வைத்துத்தான்.

துல்லியத்துக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெற்று இடத்தில் நீங்கள் வோல்ட்மீட்டரை வைத்த கணத்தில் சுற்று மறுபடியும் மூடிக்கொண்டது. இத்தகைய மின்னணு மல்டிமீட்டர்களின் உள்தடை பெரும்பாலும் 1 கோடி ஓம் இருக்கும், 3.0 வோல்ட்டை அதால் வகுத்தால் 0.3 மைக்ரோஆம்பியர். அந்த மின்னோட்டம் மாட்டியிருக்கும் பல்பின் இழை வழியேயும் போய்க்கொண்டுதான் இருந்தது. குளிர்ந்த இழையின் 0.9 ஓமில் அது ஏற்படுத்தும் மின்னழுத்தம் 0.27 மைக்ரோவோல்ட், இன்னொரு மீட்டரை அந்தப் பல்பின் குறுக்கே வைத்திருந்தாலும் அது சுழி என்றுதான் காட்டியிருக்கும்.